எக்ஸ்ரேயில் இரட்டைக் குமிழ்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 38. கீழ் ஞானப்பல் வலிக்காக ஓபிஜி (இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும்) எக்ஸ்ரே எடுத்தேன். பல்லைப் பற்றி எழுதியதோடு, 'வலது காண்டைல் இரண்டாகப் பிரிந்து காணப்படுகிறது, சி.டி. மூலம் உறுதிசெய்யலாம்' என்றும் அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அன்றிலிருந்து தூக்கமில்லை. இணையத்தில் தேடினால் கட்டி, மூட்டு ஒட்டிக்கொள்வது, செயற்கை மூட்டு என்று என்னென்னவோ வருகிறது. எனக்கு வாய் நன்றாகத் திறக்கிறது. மூட்டில் வலி கிடையாது. கொட்டாவி விடும்போது இடது காதுப் பக்கம் மட்டும் 'டிக்' என்று சத்தம் வரும். அது கல்லூரி நாட்களிலிருந்தே உண்டு. பயத்தில் ஞானப்பல் எடுப்பதையும் தள்ளிப்போட்டுவிட்டேன். இது கட்டியா? இனி வளருமா? ஆபரேஷன் செய்ய வேண்டுமா? என் 14 வயது மகளுக்கும் ஒரு வருடமாக முகவாய் லேசாக இடதுபக்கம் போன மாதிரி தெரிகிறது. அவளுக்கும் இதுதானா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் மூன்று கேள்விகளுக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது கட்டி அல்ல, வளரப்போவதும் இல்லை, ஆபரேஷனும் வேண்டாம். ஞானப்பல்லைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் மகளைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, என் கவனம் அங்கேதான் போய் நின்றது. உங்கள் எக்ஸ்ரேயைப் பற்றிச் சுருக்கமாகப் பேசிவிட்டு அதற்கு வருகிறேன்.

கீழ்த்தாடை ஒரே எலும்பு. அது இரண்டு பக்கமும் காதுக்கு முன்னால் மேலேறி, பக்கத்துக்கு ஒரு குமிழில் முடிகிறது. அந்தக் குமிழைத்தான் அறிக்கையில் காண்டைல் என்று எழுதியிருக்கிறார்கள். மண்டையோட்டின் அடியில் அதற்கென்று ஒரு குழி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய டிஸ்க் ஒன்று. காதுத் துவாரத்துக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறது அல்லவா, அதற்குச் சற்று முன்னே ஆள்காட்டி விரல் நுனியை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். முதலில் குமிழ் இருந்த இடத்திலேயே சுழலும். பாதி திறந்த பிறகு முன்னோக்கி நழுவும். விரலுக்கு அடியில் ஒரு பள்ளம் விழுவது தெரியும். வாயை மூடினால் குமிழ் திரும்பி வந்து விரலைத் தொடும். இரண்டு பக்கமும் ஒரே சீராக இது நடந்தால், உங்கள் மூட்டைப் பற்றி எந்த எக்ஸ்ரேயும் சொல்லாத ஒரு நல்ல செய்தியை விரலே சொல்லிவிட்டது.

இனி அந்த இரட்டைக் குமிழ். கருவில் தாடை மூட்டு தாமதமாக உருவாகும். மற்ற மூட்டுகள் பெரும்பாலும் ஒரே திரளின் நடுவில் பிளவு விழுந்து உண்டாகின்றன. தாடையில் அப்படி இல்லை. குழிக்கான திரள் ஓரிடத்திலும் குமிழுக்கான திரள் தள்ளி இன்னோரிடத்திலும் தோன்றி, பிறகு ஒன்றை நோக்கி ஒன்று வளர்ந்து சந்திக்கின்றன. ஏழு எட்டு வாரக் கருவில்தான் இந்த வேலையே ஆரம்பமாகிறது. பிறந்த பிறகும் அது முடிவதில்லை. பச்சைக் குழந்தைக்குக் குழி ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். பல் முளைத்து மெல்லத் தொடங்கிய பிறகுதான் அதற்கு ஆழம் வரும். குமிழின் உச்சியில் உள்ள குருத்தெலும்பு பதின்ம வயது முழுக்க எலும்பை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இவ்வளவு காலம் எடுத்து உருவாகும் இடத்தில் ஆளுக்கு ஆள் வடிவம் மாறுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கருவில் அந்தக் குருத்தெலும்புக்குள் ரத்தநாளங்களைச் சுமந்த மெல்லிய நார்த்தடுப்புகள் இருக்கும். குழந்தை வளர வளர அவை மறைந்துவிடும். அதில் ஒன்று மறையாமல் தங்கிவிட்டால், எலும்பு அதன் இரு பக்கமும் வளர்ந்து, உச்சந்தலையில் வகிடு எடுத்தது போல நடுவில் ஒரு பள்ளம் விட்டுவிடும். இது ஒரு விளக்கம். நடக்கப் பழகும் வயதில் முகவாய் தரையில் அடிக்க விழுந்து, குமிழில் விரிசல் விட்டு, யாரும் கவனிக்காமலே அது கூடிக்கொண்டாலும் இப்படி ஆகலாம். இது இன்னொன்று. இரண்டு தலைகளும் பக்கவாட்டில் இருந்தால் பிறவி, ஒன்றின் முன் ஒன்றாக இருந்தால் அடிபட்டது என்று பிரிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எப்படி வந்திருந்தாலும் உங்களுக்குச் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை.

இது முதலில் மருத்துவ இலக்கியத்தில் நுழைந்த கதையே உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். 1941-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியனில் பணியாற்றிய மானிடவியலாளர் அலெஷ் ஹ்ருட்லிச்கா, அங்கே சேகரித்து வைத்திருந்த பழைய தாடை எலும்புகளில் இதைப் பார்த்து விவரித்தார். அந்த எலும்புகளுக்கு உரியவர்களை யாரும் நோயாளிகளாகப் பார்த்திருக்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான். பெரும்பாலும் வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில், யாரும் தேடாமலே கண்ணில் படுகிறது. ஒரு பக்கம் மட்டும் இருப்பதே அதிகம். அபூர்வமாக இரண்டு பக்கமும் இருக்கும், மூன்று தலைகள்கூட எப்போதாவது தென்பட்டிருக்கின்றன.

அறிக்கை எழுதியவர் தவறு எதுவும் செய்யவில்லை. கண்ணில் பட்டதை எழுதுவது அவர் வேலை. ஆனால் இப்படிப்பட்ட அறிக்கைகளின் அடியில் 'நோயாளியின் பரிசோதனையோடு பொருத்திப் பார்க்கவும்' என்று வழக்கமாக ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. படத்தில் உள்ளதை உங்கள் வாயோடு பொருத்திப் பார்த்தால் என்ன தெரிகிறது? வாய் நன்றாகத் திறக்கிறது, மூட்டில் வலி இல்லை. சத்தம் வருவதோ பிரிந்த குமிழ் இல்லாத இடதுபக்கம்! அந்த 'டிக்' பெரும்பாலும் டிஸ்க் கொஞ்சம் முன்னே நழுவி நின்று, வாய் திறக்கும்போது குமிழின் மேல் திரும்ப ஏறி உட்காரும் சத்தம். ஊரில் பலருக்கும் இது உண்டு. வலியோ பூட்டிக்கொள்வதோ இல்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. அதைச் சோதிக்கிறேன் என்று தினமும் வாயைப் பிளந்து பிளந்து மூடாமல் இருந்தால் போதும்.

சி.டி. எடுக்கலாமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். ஓபிஜியில் மற்ற எலும்புகளின் நிழல் மேலே விழுந்து குமிழின் உருவத்தை மாற்றிக் காட்டும் என்பது உண்மைதான்; கோன் பீம் சி.டி. எடுத்தால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று துல்லியமாகத் தெரியும். தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? ஒன்றும் இல்லை. அப்படி இருக்கும்போது கதிர்வீச்சும் செலவும் எதற்கு? வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால், மூட்டு பூட்டிக்கொண்டால், பற்கள் வழக்கமாகச் சேரும் இடம் மாறினால், காதுக்கு முன்னால் வீக்கம் தெரிந்தால், விடாத வலி வந்தால், அப்போது எடுப்போம். இரட்டைக் குமிழோடு மூட்டு இறுகிப்போனவர்களைப் பற்றிய செய்திகள் இருக்கின்றன. இணையத்தில் நீங்கள் படித்தது அதுதான். அவர்களில் பலருக்கும் பின்னணியில் பலமான அடி இருந்திருக்கும், வாய் திறப்பது குறைவதும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிகிறதா என்று எப்போதாவது பார்த்துக்கொள்ளுங்கள். முடிகிறவரை கவலை இல்லை.

அந்த எக்ஸ்ரேயை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஏதாவது விபத்தில் முகத்தில் அடிபட்டு அவசரமாகப் படம் எடுத்தால், புதிதாகப் பார்க்கிறவர் பிரிந்த குமிழை எலும்பு முறிவு என்று நினைக்கலாம். பழைய படம் கையில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஞானப்பல் எடுக்கும்போதும் 'எனக்கு இப்படி ஒரு அறிக்கை இருக்கிறது, இடது மூட்டில் சத்தம் உண்டு' என்று சொல்லுங்கள். தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொள்வார்கள், கடித்துக்கொள்ள ரப்பர் கட்டை வைப்பார்கள், நடுவில் வாயை மூடி ஓய்வெடுக்க விடுவார்கள். அவ்வளவுதான். தள்ளிப்போட்டால் ஈறு சீழ் பிடித்து, வீக்கத்தால் வாய் திறக்க முடியாமல் போகலாம். பிறகு அதற்கும் பழி அந்தக் குமிழ் மேலேதான் விழும்.

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம்.

அவளுக்கும் இதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இரட்டைக் குமிழ் அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் பரம்பரைச் சமாச்சாரம் அல்ல. அந்த வகையில் நிம்மதியாக இருங்கள். ஆனால் உங்களுடையது நின்றுபோன விஷயம். அவளுடையது, நீங்கள் சொல்வது போல ஒரு வருடமாக மாறிக்கொண்டிருந்தால், நடந்துகொண்டிருக்கும் விஷயம். தாடை மூட்டின் வளர்ச்சிக் குறைகளில் எங்களைப் போன்றவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: மாறுகிறதா, நின்றுவிட்டதா? படத்தில் எவ்வளவு விசித்திரமாக இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

முகம் யாருக்கும் அச்சு அசலாக இரண்டு பாதியும் ஒன்றுபோல இருப்பதில்லை. அதனால் முதலில் மாற்றம் உண்மையா என்று பாருங்கள். அவளுடைய பழைய புகைப்படங்களில், பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்தது போல நேராகப் பார்த்து எடுத்தவற்றை வருட வாரியாக வரிசைப்படுத்துங்கள். செல்ஃபி வேண்டாம், மிகப் பக்கத்திலிருந்து எடுப்பதால் முகத்தின் அளவுகளை மாற்றிக் காட்டும், பல போன்களில் இடம் வலமும் மாறிவிடும். பிறகு புதிதாகச் சில படங்கள் எடுங்கள். பல்லைச் சேர்த்து வைத்து நேராக ஒன்று. தலையைப் பின்னால் சாய்த்து முகவாய்க்கு அடியிலிருந்து ஒன்று. ஐஸ் குச்சி போன்ற தட்டையான மரக்குச்சியைக் குறுக்கே கடைவாய்ப் பற்களில் கடிக்கச் சொல்லி நேராக ஒன்று. அந்தக் குச்சி இரண்டு கண்மணிகளை இணைக்கும் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் கோணல் முகவாயோடு நிற்கவில்லை, மேல்தாடையும் சேர்ந்து சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

முகவாய் இடதுபக்கம் போகிறது என்றால் கோளாறு இடதுபக்கம்தான் என்று எல்லாரும் நினைப்பார்கள். அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. இடதுபக்கம் குறைவாக வளர்ந்தாலும் முகவாய் இடதுபக்கம் போகும், வலதுபக்கம் அதிகமாக வளர்ந்தாலும் இடதுபக்கமே போகும். இரண்டும் இல்லாமல், ஒரு பல் முதலில் இடிப்பதால் மூடும்போது தாடையை ஒதுக்கிக் கடிக்கிற பழக்கமாகவும் இருக்கலாம். இந்தக் கடைசி வகை சுலபமானது. வாயை மெதுவாகத் திறக்கும்போது முகவாய் நடுவுக்கு வந்துவிடும், மூடும் கடைசி நொடியில்தான் ஒதுங்கும். பல் சீரமைப்பு மருத்துவர் பார்த்துச் சரிசெய்துவிடுவார். உங்கள் மகளுக்கு இதுவாகவே இருக்கட்டும்.

வாய் திறக்கத் திறக்க முகவாய் இன்னும் இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போனால் இடது மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் குமிழ் குட்டையாக இருக்கலாம், அல்லது முன்னோக்கி நழுவ மறுக்கலாம். சின்ன வயதில் முகவாய் கிழிந்து தையல் போட்டது நினைவிருக்கிறதா? முகவாயில் விழுந்த அடி எலும்பு வழியாக ஏறிக் குமிழை உடைக்கும். வெளிக்காயத்தைத் தைத்து அனுப்பிவிடுவார்கள், மூட்டை யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். வருடங்கள் கழித்து அந்தப் பக்கம் வளர்ச்சி பின்தங்கும். காதில் சீழ் வந்து மூட்டுவரை பரவிய குழந்தைகளிலும் இதே கதை நடக்கலாம். கை கால் மூட்டுகளில் காலை நேரத்தில் விறைப்பு, வீக்கம் எப்போதாவது இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்கு வரும் மூட்டழற்சி தாடை மூட்டை வலியே இல்லாமல் அரிக்கும். முகம் கோணுவதும் முகவாய் உள்வாங்குவதும்தான் சில பிள்ளைகளிடம் அதன் முதல் அடையாளம். அதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே போதாது, ஊசிமருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும். இந்த ஒன்று தவறிப்போகவே கூடாது என்பேன், ஏனென்றால் மருந்தால் அதைக் கட்டுப்படுத்த முடியும்.

பிறவியிலேயே ஒரு பக்கக் குமிழ் சிறுத்துப்போவதும், மிக அபூர்வமாக இல்லாமலே போவதும் உண்டு. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் காதும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கும். கருவின் கழுத்துப் பகுதியில் வரிசையாகத் தோன்றும் மேடுகளைத் தொண்டை வளைவுகள் என்போம்; அவற்றில் முதல் இரண்டிலிருந்துதான் தாடையும் காதும் உருவாகின்றன. நடுக்காதில் ஒலியைக் கடத்தும் சுத்தி, பட்டடை என்ற இரண்டு எலும்புகள் தாடை வருகிற அதே முதல் வளைவிலிருந்து வருபவை. ஒரு பக்க முகம் சிறுத்துப் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 3,500 முதல் 5,600 பிறப்புகளுக்கு ஒன்று. லேசாக இருந்தால் வெளியே தெரியாது. காதுக்கு முன்னால் ஒரு சின்னத் தோல் மொட்டு, அந்தப் பக்கக் காது கொஞ்சம் சிறியது என்ற அளவில் நின்றுவிடும். வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில்தான் முகவாய் போவது தெரியும். மகளின் இரண்டு காதுகளையும் முடியை ஒதுக்கிவிட்டு ஒருமுறை பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால் கேட்கும் திறனையும் சோதித்துவிட வேண்டும்.

மிச்சமிருப்பது வலது குமிழ் தேவைக்கு மேல் வளர்வது. இது பூப்பெய்தும் வயதை ஒட்டித் தொடங்கி இருபதுகளிலும் தொடரக்கூடியது, பெண்களிடம் அதிகம். வலிக்காது. சத்தமும் இருக்காது. அதனாலேயே வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாது, நாள் கழித்துப் பார்க்கும் உறவினர்தான் 'என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கே' என்பார். குமிழும் அதன் கீழுள்ள எலும்புக் கழுத்தும் நீண்டு தாடையைப் பக்கவாட்டில் தள்ளினால் முகவாய் எதிர்ப்பக்கம் போய், அந்த எதிர்ப்பக்கக் கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே வந்துவிடும். செங்குத்தாக வளர்ந்தால் வளர்ந்த பக்கத்துப் பாதித் தாடையே கீழே இறங்கி, அதே பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். நாளாக ஆக மேல்பற்கள் இறங்கி அதை மூடும். மரக்குச்சி சாய்வது அப்போதுதான்.

வளர்ச்சி ஓடுகிறதா நின்றதா என்று பார்க்க டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஏற்றி, எலும்பு அதை எவ்வளவு வாங்குகிறது என்று பார்க்கும் ஸ்பெக்ட் ஸ்கேன் இருக்கிறது. இரண்டு குமிழ்களுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் ஒரு பக்கம் கூடுதலாக வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் 14 வயதில் இரண்டு குமிழ்களுமே இயல்பாக வளர்ந்துகொண்டுதான் இருக்கும். இரண்டிலும் பளிச்சென்று தெரியும். மருந்தைக் குறைவாக வாங்கும் பக்கம் நோயுள்ள பக்கமாகவும் இருக்கலாம், அதிகம் வாங்கும் பக்கத்தில் வளர்ச்சிக்குப் பதில் அழற்சியும் இருக்கலாம். அதனால் ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து யாராவது அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தால் இன்னொரு கருத்து கேளுங்கள். ஆறு மாத இடைவெளியில் எடுத்த புகைப்படங்களும், பற்களின் அச்சும் அல்லது டிஜிட்டல் ஸ்கேனும் எனக்கு அதைவிட நம்பகமானவை.

வளர்ச்சி உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்து முகம் வேகமாக மாறினால், குமிழின் உச்சியில் வளரும் பகுதியைச் சில மில்லிமீட்டர் சீவி எடுத்து அதை நிறுத்தலாம். மெதுவாக இருந்தால் காத்திருந்து, வளர்ச்சி நின்ற பிறகு பல் சீரமைப்பும் தாடை அறுவை சிகிச்சையும் சேர்த்துச் செய்வது இன்னொரு வழி. எது நல்லது என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மேல்தாடை சாய்வதற்கு முன் நிறுத்துவது நல்லது என்ற பக்கம் நான் நிற்கிறேன், ஆனால் வளர்கிறது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்த பிறகு மட்டும்.

இந்தக் குறைகளில் படமே ஏமாற்றுகிற வகைகளும் உண்டு என்பதால் மற்ற வாசகர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். குமிழுக்கு முன்னால், நெற்றிப்பொட்டுத் தசை வந்து பிடிக்கும் எலும்பு முனை நீண்டு வளர்ந்து கன்ன எலும்பில் இடிப்பது ஒன்று. பதின்ம வயதுப் பையன்களிடம் அதிகம். மூட்டு அப்பழுக்கில்லாமல் இருக்கும், வலியும் இருக்காது, வாய் மட்டும் வருடத்துக்கு வருடம் குறைவாகத் திறக்கும். தசைப் பிடிப்பு என்று வருடக்கணக்கில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, குழந்தைப் பருவத்தில் மூட வேண்டிய ஒரு சின்ன எலும்பு ஓட்டை மூடாமல், மூட்டின் திசு காதுத் துவாரத்துக்குள் எட்டிப் பார்ப்பது. மெல்லும்போது காதில் நீர் வருகிறது என்று காது மருத்துவரிடம் போவார்கள், அவர் உள்ளே பார்த்துக்கொண்டே வாயைத் திறந்து மூடச் சொன்னால் அது உள்ளே வெளியே போய்வருவது தெரியும்.

மகளை முதலில் பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தேவை என்றால் எங்களைப் போன்றவர்களிடம் அனுப்புவார். கிளிப் மாட்டுவதை மட்டும் காரணம் தெரிவதற்கு முன் ஆரம்பிக்க வேண்டாம். வளரும் தாடைக்கு ஏற்றபடி பற்களை நகர்த்திக்கொண்டே போனால் கோணல் மறைந்தது போல இருக்கும், பின்னால் எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்க வேண்டிவரும். போகும்போது பழைய படங்கள், நீங்கள் எடுத்த புதிய படங்கள், விழுந்து அடிபட்டது எப்போது, அவள் பூப்பெய்தியது எப்போது, இவற்றைக் குறித்து எடுத்துப்போங்கள். கடைசியாகச் சொன்னதற்கு மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார், இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்று கணக்கிட அது தேவை.

அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். கண்ணாடி முன் நிறுத்தி 'பார், எவ்வளவு போயிருக்கிறது' என்று காட்டாதீர்கள். அந்த வயதில் அவள் உங்களுக்கு முன்பே பார்த்திருப்பாள். 'தாடை வளர்கிற விதத்தை ஒரு டாக்டர் அளந்து வைத்துக்கொள்ளட்டும்' என்றால் போதும், உண்மையும் அதுதான். முதல் தடவை எதுவும் முடிவு செய்யாமல், ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பினால் ஒன்றும் செய்யவில்லையே என்று வேறு இடம் தேடிப் போகாதீர்கள். அளவெடுத்தாகிவிட்டது, மாறுகிறதா என்பது அடுத்த அளவில்தான் தெரியும். அந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.